ஓட்டையுள்ள பெட்டி, ஓட்டையில்லாத பெட்டி

ஆக்லாந்தில் நான் போய் இறங்கியபோது நகரத்தின் நடுவில் மின்சாரம் இல்லை. வெளிநாடு என்றால் விளக்கு அணையாத நாடு என்று நம்பிப் போன சென்னைக்காரிக்கு இதைவிடப் பொருத்தமான வரவேற்பு கிடையாது.

தொண்ணூற்றெட்டு. அங்கே கோடை முடிகிற மாதம். நகரத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் தரையடிக் கேபிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகிவிட்டிருந்தன. உயரமான கட்டடங்கள் எல்லாம் பகலிலும் கண்ணை மூடிக்கொண்டு நின்றன. நடைபாதைகளில் லாரி அளவு ஜெனரேட்டர்கள் உறுமின. அலுவலகக்காரர்கள் கோட்டும் டையுமாகப் படிக்கட்டில் மூச்சிரைக்க ஏறினார்கள். ஒருவர் இன்னொருவரிடம், "மூன்றாம் உலகம் மாதிரி ஆகிவிட்டது" என்றார். நான் மூன்றாம் உலகத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் நின்றால் யாரும் உலகத்தை எண்ண மாட்டார்கள், வாட்ச்மேனைத்தான் கூப்பிடுவார்கள்.

நான் போனது இதற்காக அல்ல. மண்ணுக்கடியில் போகும் கேபிளில் எந்த இடத்தில் பழுது என்று தோண்டாமலே காட்டும் கருவி ஒன்றை அந்த நகரத்தின் ஒனிஹங்கா பகுதியில் ஒரு சிறு தொழிற்கூடத்தில் செய்கிறார்கள். எங்கள் நிறுவனம் அதை வாங்கவிருந்தது. பழகிவர ஒருவர் வேண்டும். முதலில் வேறொருவர் பெயர்தான் அடிபட்டது. அவருடைய விசா தாமதமானதால் வாய்ப்பு எனக்கு வந்தது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். தகுதி எனக்கு முன்பே இருந்தது, விசாதான் பிறகு வந்தது என்று நான் சொன்னேன். அதை யாரும் ரசிக்கவில்லை.

தங்கியது சான்ட்ரிங்ஹாமில், யோகேஸ்வரி அக்கா வீட்டில். என் தோழி ஒருத்திக்கு உறவு. யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியை; இங்கே தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை. முதல் நாள் காலையில் புட்டும் சர்க்கரைவள்ளிக் கறியும் வைத்தார். அவர் வாயில் அது வத்தாளங்கிழங்கு, கடையில் அது கூமரா. எந்தப் பெயரில் சாப்பிட்டாலும் இனிப்புக் குறையவில்லை. கொல்லையில் ஃபீஜோவா என்ற பச்சைக் காய்கள் உதிர்ந்து கிடந்தன. முகர்ந்தால் கொய்யாவும் சோப்பும் கலந்த வாசனை. எனக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை. ஊருக்கு வந்த பிறகு அதற்காக ஏங்குகிறேன்.

அக்கா மாதத்தில் ஒரு சனிக்கிழமை, உள்ளூர்த் தமிழ்ச் சங்கத்தின் பெயரில், சான்ட்ரிங்ஹாம் மண்டபத்தில் தமிழில் அறிவியல் பேச்சு நடத்துகிறார். நீரிழிவு, கம்ப்யூட்டர் வைரஸ், எரிமலை என்று ஏற்கெனவே நடந்திருந்தன.

"எரிமலைக்குத்தான் சனம் கூட," என்றார். "ஊரே எரிமலைக்கு மேலதானே இருக்கு. எல்லாரும் தங்கட மோர்ட்கேஜ் எந்த மலையில நிக்குதெண்டு கேட்க வந்தவை. பிள்ளை, நீர் கேபிள் படிச்சனீர்தானே? இந்தச் சனிக்கிழமை நீர்தான் கதைக்கிறீர். நகரம் ஏன் இருண்டது எண்டு."

"நான் மேடையில பேசினதில்லைக்கா."

"நானும் தபால் பிரிச்சதில்லை. பழகினனான். புட்டு காணுமோ, இன்னும் போடவோ?"

ஒப்புக்கொண்டேன். புட்டு இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் அக்கா என்னை நகரத்துக்குள் சிவபாலன் அண்ணனின் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனார். அக்காவின் ஊர்க்காரர். ஒரு சந்துக்குள், மேலே ஏதோ அலுவலகம், கீழே இவர் கடை. தெருவில் மற்றக் கடைகள் எல்லாம் பூட்டிக் கிடக்க, இவர் கடையில் மட்டும் வரிசை நின்றது. தலையில் மஞ்சள் தொப்பியோடு தற்காலிகக் கம்பி இழுக்கிற தொழிலாளர்கள், சோறும் பருப்பும் மீன் குழம்பும் வாங்கிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒருவர் கண்ணில் நீர் வழிய, "இது காரமே இல்லை" என்று பக்கத்திலிருந்தவரிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்.

சிவபாலன் அண்ணனுக்கு அன்று உலகமே காலடியில். "பாத்தீங்களோ தங்கச்சி? வெள்ளைக்காரன் பூட்டிப்போட்டு ஓடிட்டான். ஊரில நாங்கள் வருஷக்கணக்கா கரண்ட் இல்லாமல் இருந்தனாங்கள். மண்ணெண்ணெயில தண்ணிப் பம்ப் ஓட்டினனான். சைக்கிளைக் கவிட்டு வச்சு டைனமோவில ரேடியோ கேட்டனான். இவங்கள் ஒரு மாசத்துக்கே அழுறாங்கள்."

எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. ஒரு நகரமே கைவிரித்து நிற்கும்போது, விரிக்காத கை ஒன்று நம்முடையதாக இருந்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

கை கழுவப் பின்னறைக்குப் போனேன். ஜெனரேட்டர் அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது. சந்துக்குத் திறக்கும் பின்கதவு சாத்தித் தாழ் போட்டிருந்தது. ஒற்றை ஜன்னல், அதுவும் பல வருடப் பெயின்ட்டில் சட்டத்தோடு ஒட்டிப்போனது. அதற்குப் பக்கத்தில் முக்காலி போட்டு சிவபாலன் அண்ணனின் மனைவி மலர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"உடம்பு சரியில்லையாக்கா?"

"ஒரே தலையிடி. சத்தியும் வருகுது, சாப்பாடு வயித்தில நிக்குதில்லை. வீட்டுக்குப் போனா சரியாயிடுது. வெங்காயம்தான் ஒத்துக்கொள்ளேல்லைப் போல."

வெங்காயத்துக்கு வீடும் கடையும் ஒன்றுதான். நான் முக்காலியோடு அவரை வெளியே கூட்டிவந்து உட்கார வைத்தேன். பிறகு சிவபாலன் அண்ணனிடம் போனேன். எஞ்ஜின் விடுகிற வாயுவில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, மூடிய அறையில் ஆளைக் கொல்லும், இயந்திரத்தை இப்போதே வெளியே வையுங்கள் என்று வரிசையாகச் சொன்னேன்.

அவர் கரண்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை. "தங்கச்சி, நான் எஞ்ஜினோட வளர்ந்தவன். கதவைத் திறந்தா மேல் வீட்டு ஒபிஸ்காரர் சத்தமெண்டு சண்டைக்கு வாறாங்கள். வெளியில வச்சாக் களவெடுப்பாங்கள். பக்கத்துச் சந்தில கதவுப் பூட்டையே உடைச்சு ஒண்டைத் தூக்கிக்கொண்டு போட்டாங்கள். சனிக்கிழமையில இருந்து நானே அதுக்குப் பக்கத்தில பாயைப் போட்டுப் படுக்கப்போறன்."

"அதுக்குப் பக்கத்திலயா? ஓடும்போதா?"

"பின்ன? ஃப்ரீஸருக்குள்ள மீன் கிடக்குது. படிச்ச பிள்ளை, சாப்பிட்டிட்டுப் போங்கோ. மீன் ரோல்ஸ் சூடா இருக்கு."

வீடு திரும்பும் பஸ்ஸில் செய்ய வேண்டியதை மனதுக்குள் அடுக்கினேன். அவரிடம் சொல்வது: ஆயிற்று, பயனில்லை. மலர் அக்காவிடம் சொல்வது: ஆயிற்று, இனிமேல் முன்பக்கம் இருந்து உரிப்பதாகச் சொல்லியிருக்கிறார், கணவரை மாற்ற முடியாது என்றும் சொல்லியிருக்கிறார். மாநகராட்சிக்குச் சொல்வது: மீதியிருக்கிறது.

"சொன்னாக் கடையைப் பூட்டுவினம்," என்றார் யோகேஸ்வரி அக்கா. "ரெண்ட் நிக்காது. அந்தாள் பிறகு எங்கட முகத்தில முழிக்காது. முதல்ல சனிக்கிழமை எல்லாருக்கும் முன்னால கதையும். சங்கத்துக்குச் சாப்பாடு அவர்தான் கொண்டு வாறவர். அதுக்கும் கேட்காட்டி நானே போன் எடுப்பன்."

ஆகவே என் பேச்சு மாறியது. நகரம் ஏன் இருண்டது என்பது அதில் பாதி. மற்றப் பாதி, இருட்டில் எப்படிச் சாகாமல் இருப்பது.

வியாழக்கிழமை, ஒனிஹங்காவில் வேலை முடிந்து வந்து, சான்ட்ரிங்ஹாம் மளிகைக் கடைக்கு ஊதுபத்தி வாங்கப் போனேன். கதவில் சங்கத்தின் அறிவிப்பு ஒட்டியிருந்தது. என் பெயர் கொட்டை எழுத்தில். கீழே தலைப்பு: 'பண்டைத் தமிழரும் அறிவியலும்.'

உள்ளே அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் சங்கத் தலைவர் நின்றுகொண்டிருந்தார். மதுரைப் பக்கத்துக்காரர், கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதை மறுக்கவில்லை.

"தலைப்பு மாறியிருக்கே ஐயா."

"ஆமாம்மா, நான்தான் மாத்தினேன். நமக்கு எதுக்கு வம்பு? நாம வந்து குடியேறின நாடு. இவங்களுக்குக் கரண்ட் போச்சுன்னு நாம மேடை போட்டுப் பேசினா நல்லாவா இருக்கும்? நன்றி கெட்டவங்கன்னு நினைக்க மாட்டாங்க?"

"யார் தப்புன்னு நான் பேசப்போறதில்லை. அது எனக்குத் தெரியவும் தெரியாது. ஜெனரேட்டரை எங்க வைக்கணும்னு பேசப்போறேன்."

"அது துண்டுச் சீட்டுல போட்டாப் போதும்மா. மேடைன்னா ஒரு கௌரவம் வேணும். பெரிய கோயில் கோபுரக் கல்லை எப்படி ஏத்தினாங்கன்னு சொல்லு. சனங்க கை தட்டும்."

"கோபுரத்துல ஏத்தினவங்க யாரும் இப்ப ஆபத்துல இல்லை ஐயா."

அவர் சிரித்தார். என் தோளைத் தட்டி, "துடிப்பான பொண்ணு" என்றார். பிறகு நிகழ்ச்சி நிரலின் பிரதி ஒன்றைக் கையில் தந்தார். குத்துவிளக்கேற்றல், வாழ்த்துப் பாடல், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை இரண்டு, பொன்னாடை போர்த்துதல், அதன்பின் சிறப்புரை, நன்றியுரை. சிறப்புரை நான். ஆறரை மணிக்கு மண்டபத்தைப் பாடல் குழு ஒன்றிடம் ஒப்படைக்க வேண்டும். எனக்கு மிஞ்சுவது கோபுரத்தின் முதல் படிக்கே போதாது.

அதைவிட மோசமான ஒன்றை அக்கா வீட்டில் சொன்னார். சிவபாலன் அண்ணன் எந்தக் கூட்டத்திலும் கடைசிவரை இருப்பதில்லை. சாப்பாட்டைப் பின் மேசையில் பரப்புவார், விளக்கேற்றும்வரை மரியாதைக்கு நிற்பார், கிளம்பிவிடுவார். இந்தச் சனிக்கிழமை கிளம்பினால் நேரே கடைக்கு. பாயோடு.

ஊதுபத்தியை மேசைமேல் வைத்துவிட்டு அந்த நிரலை மறுபடி பார்த்தேன். ஒன்பது உருப்படிகளில் எனக்கு இரண்டு இடம் இருந்தது. எட்டாவது, சிறப்புரை. முதலாவது, விளக்கேற்றல், சிறப்பு விருந்தினர் நான்தானே.

வெள்ளிக்கிழமை எனக்கு இரண்டு அட்டைப் பெட்டிகள் தேவைப்பட்டன. ஒன்று தொழிற்கூடத்திலேயே கிடைத்தது, கருவிக்கான உதிரிபாகங்கள் வந்த பெட்டி, எல்லாப் பக்கமும் நாடா ஒட்டி இறுக்கமானது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். பெட்டிக்குப் பின்னாலிருந்து பஸ்ஸின் பலகையைப் படிக்க முடியாது என்பதை யோசிக்கவில்லை. பஸ் எதிர்த்திசையில் போனது. கடைகள் மாறின, முகங்கள் மாறின, நான் இறங்கியபோது ஒடாஹுஹு என்ற வேறொரு புறநகர்.

ஓட்டுநர் அகலமான தோள்களும் காதோரம் ஒரு பூவுமாக இருந்த பெண்மணி. தவறான பஸ் என்றேன். "பஸ் சரியான பஸ்தான் கண்ணே, ஆள்தான் தவறு" என்றார். திரும்பிப் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று இறங்கி வந்து காட்டினார். நம் ஊரில் நடத்துநர் இதையே சொல்லியிருப்பார், 'கண்ணே' மட்டும் இல்லாமல்.

திரும்புகிற பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்துக்குப் பின்னால் ஒரு பழக்கடை. வாழைப்பழப் பெட்டிகள் நடைபாதைவரை அடுக்கியிருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பெட்டியிலும் பக்கவாட்டில் கை நுழைகிற ஓட்டைகள், மேலும் கீழும் பெரிய ஓட்டைகள். காய் கப்பலில் வருகிறது. அடைத்து வைத்தால் வெந்துபோகும். அதனால் பெட்டிக்கே மூச்சு வைத்திருக்கிறார்கள்.

அப்போதுதான் சிவபாலன் அண்ணன் எங்கே தவறுகிறார் என்பது புரிந்தது. அவர் பொய் சொல்லவில்லை. எஞ்ஜினோடுதான் வளர்ந்தார். ஆனால் அவர் ஊர்ப் பம்ப் நின்றது கிணற்றடியில், நாலு காலும் ஓலையும் மட்டுமான கொட்டிலில். அங்கே வீட்டுச் சுவரிலும் கூரைக்குக் கீழே காற்றுக்கு ஓட்டை விட்டுத்தான் கட்டுவார்கள். சென்னையில் எங்கள் வீட்டிலும் உண்டு. குருவி கூடு கட்டும், அம்மா திட்டுவாள், யாரும் அடைக்க மாட்டார்கள். நாங்கள் எல்லோரும் வாழைப்பழப் பெட்டிக்குள் வளர்ந்தவர்கள். அந்தத் தைரியத்தை மூட்டை கட்டிக்கொண்டு வந்து, நாடா ஒட்டிய பெட்டிக்குள் இறங்கியிருக்கிறோம்.

பழக்கடைக்காரர் பெட்டியைச் சும்மா கொடுத்தார். எதற்கு என்று கேட்டார். மூச்சுக்கு என்றேன். என் ஆங்கிலம் சரியில்லை என்று நினைத்திருப்பார்.

சனிக்கிழமை மாலை மண்டபம் நிரம்பியிருந்தது. யாழ்ப்பாணத் தமிழும் தஞ்சாவூர்த் தமிழும் மலேசியத் தமிழும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நாற்காலி தேடின. பிள்ளைகள் எல்லா மொழிக்கும் ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டு ஓடின. பின் மேசையில் சிவபாலன் அண்ணன் ரோல்ஸ் தட்டுகளைப் பரப்பினார். மலர் அக்கா வரவில்லை. மதியம்வரை கடைப் பின்னறையில் பாத்திரம் கழுவிவிட்டு, தலைவலி என்று வீட்டில் படுத்துவிட்டாராம்.

விளக்கேற்றுமுன் செயலாளர் நாற்காலி மேல் ஏறி, கூரையிலிருந்த புகை அலாரத்தைத் திறந்து பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்னக்கா இது?"

"எப்பவும் அப்பிடித்தான்," என்றார் யோகேஸ்வரி அக்கா. "விளக்குப் புகைக்குக் கத்தும். எங்கட வீடுகளிலயும் கழட்டித்தான் வச்சிருக்கு. கடுகு தாளிச்சா நிக்காமல் கத்துது, என்ன செய்யிறது?"

எனக்கு இன்னொரு தலைப்பும் கிடைத்தது.

தலைவர் ஒலிபெருக்கியில் என்னை அழைத்தார். மெழுகுவர்த்தியைக் கையில் தந்தார்கள். ஐந்து முகத்தையும் ஏற்றினேன். எல்லோரும் கை தட்டினார்கள். சிவபாலன் அண்ணன் பின்னால் காலித் தட்டுகளை அடுக்கத் தொடங்கினார். நான் மெழுகுவர்த்தியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஊதுபத்திக் கற்றையை அதே சுடரில் கொளுத்தினேன். ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றேன்.

"வணக்கம். என் பேச்சு இப்போது தொடங்குகிறது."

தலைவர் பதறிப்போய் என் பக்கம் சாய்ந்தார். "ஏம்மா, வரவேற்புரை இருக்கு. தலைமையுரை இருக்கு. இது முறையில்லை."

"என்னை வரவேற்கிறதைக் கடைசியில வச்சுக்குங்க ஐயா. நான் எங்கயும் போக மாட்டேன். போகப்போறவங்க வேற இருக்காங்க."

ஒலிபெருக்கி இதை மண்டபம் முழுவதற்கும் சொல்லிவிட்டது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒரு மலேசியக்கார அம்மா, "அது பேசட்டும்லா, நீங்க உட்காருங்க" என்றார். தலைவர் உட்கார்ந்தார். பொன்னாடை அவர் மடியிலேயே இருந்தது.

கேபிளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னேன். நாலு பேர் ஒரு பெட்டியைத் தூக்குகிறார்கள். ஒருவர் கையை விட்டால் அவர் பங்கு மற்ற மூவர் கைக்கு வரும். அதிகச் சுமை என்றால் அதிகச் சூடு. மண் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளாவிட்டால் அடுத்த கையும் விடும். இங்கே சரியாக என்ன நடந்தது என்று இன்னும் ஆராய்கிறார்கள், எனக்குத் தெரியாததைச் சொல்ல மாட்டேன் என்றேன். பிறகு இரண்டு பெட்டிகளையும் மேசைமேல் வைத்தேன். இரண்டுக்கும் முன்பக்கத்தை வெட்டி, சமையலறைக் கண்ணாடித்தாளை ஒட்டியிருந்தேன், உள்ளே நடப்பது தெரிவதற்காக.

"இது ஊர். இது ஆக்லாந்து."

இரண்டிலும் எரிகிற ஊதுபத்திகளை ஒரே அளவு வைத்து மூடினேன். வாழைப்பழப் பெட்டியின் ஓட்டைகள் வழியாகப் புகை இழைஇழையாக வெளியேறியது. நாடா ஒட்டிய பெட்டியில் புகை மேலே சேர்ந்து, கீழே இறங்கி, கடைசியில் ஊதுபத்தியே தெரியாமல் வெள்ளையாக நின்றது. பிள்ளைகள் ஓட்டத்தை நிறுத்திவிட்டு முன்னால் வந்தன.

"ஜெனரேட்டர் விடுவது இப்படித்தான் நிறையும். ஆனால் உங்களுக்குத் தெரியாது. முதலில் தலை வலிக்கும். வாந்தி வரும். வெளியே போனால் சரியாகும். வெங்காயம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைப்பீர்கள். தூங்கினால் எழுந்திருக்க மாட்டீர்கள்."

பின்னாலிருந்து குரல் வந்தது. நான் எதிர்பார்த்த குரல்தான்.

"உங்கட புகை கண்ணுக்குத் தெரியுது தங்கச்சி. என்ர எஞ்ஜினில புகையே இல்லை. புத்தம் புதுசு. பிறகென்ன?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிவபாலன் அண்ணன் தட்டுகளை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் செயலாளரிடம் கையை நீட்டினேன். "பேட்டரி."

அவர் தலைவரைப் பார்த்தார். யோகேஸ்வரி அக்கா, "குடும் தம்பி, நேரம் போகுது" என்றார். செயலாளரே நாற்காலி மேல் ஏறிப் பேட்டரியைப் போட்டார். நான் மூடிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அலாரத்துக்கு நேர் கீழே திறந்தேன். அது கத்திய கத்தலில் குழந்தைகள் காதைப் பொத்தின, ஒரு தாத்தா எழுந்து வெளிநடப்பே செய்தார். அட்டையால் விசிறி அடக்கினோம்.

"ஊதுபத்திக்கு இவ்வளவு கத்துகிறது," என்றேன். "இது புகைக்குத்தான் கத்தும். அண்ணன் சொன்ன புத்தம் புது எஞ்ஜினுக்கு இது வாயே திறக்காது. புகை இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று இதுவும் நம்புகிறது, அண்ணனும் நம்புகிறார். அதற்காக இதைக் கழற்றி வைக்காதீர்கள். தீப்பிடித்தால் சொல்ல வேறு யாரும் இல்லை."

சிரிப்பு எழுந்தது. சிவபாலன் அண்ணன் சிரிக்கவில்லை. தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு மேசைக்கு வந்தார். வாழைப்பழப் பெட்டியின் ஓட்டைக்கு மேலே உள்ளங்கையை வைத்தார். புகை விரல்களைச் சுற்றிக்கொண்டு போனது.

"எங்கட பம்ப் கொட்டிலுக்குச் சுவரே இல்லை," என்றார், என்னிடம் இல்லை, கையிடம். பிறகு குரலை உயர்த்தினார். "சரி, ஜன்னல் கண்ணாடி ஒண்டை உடைச்சு விடுறன். காணுமோ?"

"காணாது." அவர் சொல்லிலேயே சொன்னேன். "ஓட்டையுள்ள பெட்டியிலும் கொஞ்சம் புகை நிற்குது பாருங்க. எஞ்ஜின் வெளியில இருக்கணும். ஆள் உள்ள இருக்கணும்."

"களவு போனா நீங்கள் தருவீங்களோ?"

"மாட்டேன். ஆனா மலர் அக்காவுக்கு ஏன் இன்னிக்குத் தலை வலிக்குதுன்னு நீங்க இங்கயே சொல்லுங்க."

சபையில் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று பிறகு இரண்டு பேர் சொன்னார்கள். எனக்கு வருத்தமில்லை. சிவபாலன் அண்ணன் ஊதுபத்திகளை எடுத்துக் குத்துவிளக்குத் தட்டில் வைத்தார், காலித் தட்டுகளை என் வாழைப்பழப் பெட்டிக்குள் அடுக்கினார், பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். என் செயல்விளக்கத்தில் பாதி அப்படிப் போயிற்று.

மீதி நேரத்தில் தலைமையுரை, வாழ்த்துரை எல்லாம் நடந்தன. தலைவர் பண்டைத் தமிழரின் சுவர்களில் காற்றுவழி இருந்ததைக் குறிப்பிட்டுத் தலைப்பைக் காப்பாற்றினார். கெட்டிக்காரர். பொன்னாடையைப் போர்த்தும்போது காதருகில், "அடுத்த தடவை வரிசைப்படி பேசணும்மா" என்றார். அடுத்த தடவை என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதற்குள் பாடல் குழு வாசலில் வந்து நின்றுவிட்டது. நன்றியுரைக்கு நேரமில்லை.

வீட்டுக்குப் போனதும் அக்கா சிவபாலன் அண்ணன் கடைக்குத் தொலைபேசி எடுத்தார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. வீட்டுக்கு எடுத்தார். மலர் அக்கா பேசினார்; கணவர் கடைக்குத்தான் போயிருக்கிறாராம். உடனே அக்கா காரை எடுத்தார். சந்து முனையில் விளக்கு மங்கலாகத் தெரிந்ததும் இருவரும் இறங்கி ஓடினோம்.

ஜெனரேட்டர் சந்தில், திறந்த வெளியில் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர்க் குழாயோடு தடித்த சங்கிலி போட்டுக் கட்டியிருந்தது. வயர் மட்டும் கதவிடுக்கு வழியாக உள்ளே போனது. சிவபாலன் அண்ணன் கடைக்குள்ளும் இல்லை, அதன் பக்கத்திலும் இல்லை. சந்தின் எதிர் முனையில் கடற்கரை நாற்காலி போட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நீங்கள் சொன்னதுக்காக இல்லைத் தங்கச்சி," என்றார், நாங்கள் வாய் திறப்பதற்குள். "உள்ள வெக்கை."

"ஓம், வெக்கைதான்," என்றார் யோகேஸ்வரி அக்கா.

திங்கட்கிழமை, ஊருக்குப் புறப்படுமுன் கடைசியாக அங்கே சாப்பிடப் போனேன். மலர் அக்கா முன்பக்கம் நின்று பரிமாறினார். தலைவலி போய்விட்டது, வெங்காயம் மறுபடி ஒத்துக்கொள்கிறது என்றார். பின்பக்கம் சண்டைச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மேல்மாடி அலுவலகக்காரர் டையைத் தளர்த்திக்கொண்டு, இந்தச் சத்தம் பிடித்த இயந்திரத்தை உடனே உள்ளே எடு, இல்லாவிட்டால் கட்டட உரிமையாளரிடம் போவேன் என்று கத்திக்கொண்டிருந்தார்.

சிவபாலன் அண்ணன் கத்தவில்லை. உள்ளே போய் வாழைப்பழப் பெட்டியைக் கொண்டுவந்தார். இன்னொரு கையில் மூடிய பிஸ்கட் அட்டைப்பெட்டி. இரண்டையும் ஜெனரேட்டருக்குத் தள்ளி, பின்வாசல் படியில் வைத்தார்.

"ஐயா, நில்லுங்கள்," என்றார் தன் ஆங்கிலத்தில். "இது என் ஊர். இது உங்கள் கட்டடம். நான் இதை உள்ளே எடுத்தால் முதலில் நான் சாவேன். இந்த வாயு உங்கள் மாடிக்கும் வரும். பிறகு நீங்கள்."

அலுவலகக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். தனக்கு நேரமில்லை என்றார்.

"எனக்கு இருக்கிறது," என்றார் சிவபாலன் அண்ணன், கடற்கரை நாற்காலியை அவர் பக்கம் தள்ளி. "உட்காருங்கள்."

வரவேற்புரை இல்லை, தலைமையுரை இல்லை, பொன்னாடை இல்லை. மஞ்சள் தொப்பிக்காரர்கள் சோற்றுப் பொட்டலத்தோடு சுற்றி நின்றார்கள். அவர் ஊதுபத்தியைக் கொளுத்தினார்.